காலி பண்றதுக்கு முன்னாடி எழுதி வைப்போம்!

(வட்டத் தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத நண்பர்களுக்காக முழுமையாக இங்கே தருகிறோம்.)





நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம பகுதியில இருக்கிற பழைய போர்டு குடியிருப்பை இடிச்சுட்டு, அதே இடத்துல உயரமான அடுக்குமாடி கட்டத் திட்டம் வருது. மண் பரிசோதனைக்கு ஆள் வந்து துளை போட்டுட்டுப் போயிட்டாங்க. டீக்கடையில தினமும் இதே பேச்சுதான். அடுத்த சில வாரம் நாம வீடு வீடாப் போய், அங்க குடியிருக்கிறவங்க என்ன நினைக்கிறாங்க, அவங்களுக்கு என்ன தேவைன்னு கேட்டு, எழுதி, தொகுத்து வாரியத்துக்கிட்ட கொடுக்கப் போறோம். அதை எப்படிச் செய்யணும், ஏன் இப்பவே செய்யணும்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

ஒரே வரியில சொல்லணும்னா இதுதான்: காலி பண்றதுக்கு முன்னாடி எழுத்துல ஏறாத எதுவும், திரும்பி வரும்போது அந்தக் கட்டடத்துல இருக்காது.

*யாராவது கூப்பிட்டுக் கேட்பாங்கன்னு காத்திருக்க முடியாது*

நிறைய பேர் என்ன நினைக்கிறாங்கன்னா, "இவ்வளவு பெரிய கட்டடம் வருதுன்னா கலெக்டர் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவாரு, அங்க போய்ப் பேசிக்கலாம்." செய்தியில அனல் மின் நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கறதைப் பார்த்திருக்கோம். அதனால வர்ற நினைப்பு இது.

ஆனா விதி வேற மாதிரி இருக்கு. ஒன்றிய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அதே அறிவிக்கையில், கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு இருக்கு. அதாவது பக்கத்து ஊர்ல சிமென்ட் ஆலை வந்தா நம்மைக் கேட்கணும். நாம படுத்துத் தூங்குற வீட்டையே இடிச்சுக் கட்டினா, அந்த விதிப்படி கேட்டே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

சரி, 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் இருக்கே, அதுல சமூகத் தாக்க மதிப்பீடு, பொது விசாரணை எல்லாம் உண்டேன்னு கேட்பீங்க. உண்டு. ஆனா அது அரசு நிலத்தைக் கையகப்படுத்தும்போது வர்றது. இங்க நிலம் ஏற்கெனவே வாரியத்தோடது. ஆக, அந்தக் கதவும் நமக்குத் திறக்காது.

அப்ப நமக்கு உரிமையே இல்லையா? இருக்கு. 1985ல் மும்பை நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. நடைபாதையைக் காலி செய்யவே கூடாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லல. ஆனா ரெண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுச்சு. ஒண்ணு, பிழைப்பும் வாழும் உரிமைக்குள்ள அடங்கும். ரெண்டாவது, ஒருத்தரை வெளியேத்தறதுக்கு முன்னாடி அவர் பக்கத்தைக் கேட்கணும். நடைபாதையில இருந்தவங்களுக்கே அது பொருந்தும்னா, ஒதுக்கீட்டு ஆணையைக் கையில வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா குடியிருக்கிறவங்களுக்குப் பொருந்தாதா?

கேட்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துற விதி இல்லாத இடத்துல, சொல்ல வேண்டியதை நாமளே ஒழுங்காத் தயார் பண்ணிக் கொண்டு போய் மேஜை மேல வைக்கணும். நம்ம வேலை அதுதான்.

*திட்டம் வேண்டாம்னு சொல்லப் போறோமா?*

இல்ல. இதை எல்லாரும் தெளிவா மனசுல வச்சுக்கணும்.

2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்துல போர்டு குடியிருப்போட ஒரு பிளாக் அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. 24 வீடு. ஒரு உயிர்கூடப் போகல. காரணம் என்ன? அங்க குடியிருந்தவங்க விரிசலைப் பார்த்து, அக்கம்பக்கத்தை எழுப்பி, எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அந்த 24 குடும்பத்தோட உயிரைக் காப்பாத்துனது அந்தக் குடியிருப்பு ஜனங்களோட கண்ணுதான்.

அதனால, ஆயுசு முடிஞ்ச கட்டடத்தை இடிச்சுக் கட்டத்தான் வேணும். சிவில் படிச்சவன்ங்கற முறையில சொல்றேன்: கான்கிரீட் உதிர்ந்து உள்ள கம்பி துருப்பிடிச்சு வெளிய தெரியற கூரைக்குப் பூச்சு வேலை மருந்து கிடையாது. அதுக்குக் கீழ ஒரு குழந்தை தூங்குதுன்னா, நாம திட்டத்தை எதிர்த்துக் கொடி பிடிக்க முடியாது.

ஆனா இன்னொரு கதையும் நம்ம ஊர்ல இருக்கு. குடிசை மாற்று வாரியம் 1970ல் தொடங்கியபோது, பெரும்பாலும் மக்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்துலயே மூணு மாடி, நாலு மாடின்னு வீடு கட்டிக் கொடுத்தாங்க. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஊரைத் தாண்டிக் கொண்டு போனாங்க. பெரும்பாக்கத்துல மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு கிடைச்சது உண்மை. ஆனா வீட்டு வேலைக்குப் போய்க்கிட்டிருந்த அக்காவுக்கு வேலை மயிலாப்பூர்லயே நின்னுபோச்சு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பழைய இடத்துல. பாட்டிக்கு மாத்திரை வாங்குற ஆஸ்பத்திரி பழைய இடத்துல. இதெல்லாம் அன்னைக்கே யாராவது அந்த ஜனங்ககிட்ட கேட்டு எழுதியிருந்தா, பஸ்ஸும் பள்ளிக்கூடமும் வீட்டுக்கு முன்னாடியே வந்திருக்கும்.

மூணாவது, புளியந்தோப்பு கே.பி. பார்க். 2021 ஆகஸ்ட்ல, புதுசாக் கட்டின வீட்டுச் சுவத்துப் பூச்சு கையால தொட்டாலே உதிருதுன்னு அங்க இருந்தவங்க காட்டினது ஊரே பார்த்தது. அப்புறம் வல்லுநர் குழு வந்துச்சு, ஆய்வு நடந்துச்சு. எல்லாம் கட்டி முடிச்சு, ஆளைக் குடிவச்ச பிறகு.

இந்த மூணு இடத்துலயும் ஒரே பாடம்தான். அங்க வாழறவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் கோப்புல இல்ல. அதைக் கோப்புக்குள்ள கொண்டு போறதுதான் கருத்துக்கேட்பு.

*கையெழுத்து வாங்கப் போகாதீங்க*

நம்ம ஆட்களுக்குக் கையெழுத்து இயக்கம் நல்லாப் பழக்கம். ஒரு பேப்பரை நீட்டுவோம், "இங்க போடுங்கம்மா"ன்னு சொல்லுவோம், ஒரு மணி நேரத்துல ரெண்டு பிளாக் முடிச்சுடுவோம். இந்த வேலைக்கு அது உதவாது. ஆயிரம் கையெழுத்து இருந்தாலும் அதுல ஒரே ஒரு கருத்துதான் இருக்கும், அது நாம எழுதினது. வாரியத்துல இருக்கிற பொறியாளருக்கு அதை வச்சு ஒரு சுவத்தைக்கூட மாத்தி வரைய முடியாது.

"திட்டம் வேணுமா, வேணாமா?"ன்னும் கேட்காதீங்க. அந்தக் கேள்விக்கு ஜனங்க உங்க முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவாங்க. அதுக்குப் பதிலா இதைக் கேளுங்க:

1. இந்த வீட்டுல ரேஷன் கார்டு எத்தனை, அடுப்பு எத்தனை? கார்டு ஒண்ணு, அடுப்பு ரெண்டுன்னா அங்க ரெண்டு குடும்பம் இருக்கு. கல்யாணமான பையன் திரைச்சீலை கட்டி ஒரு பக்கம் இருப்பான். வாரியப் பட்டியல்ல அவன் பேர் இருக்காது.

2. ஒதுக்கீட்டு ஆணை யார் பேர்ல இருக்கு? அவங்க உயிரோட இருக்காங்களா? தாத்தா பேர்ல இருக்கு, தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சுன்னா, வாரிசுச் சான்றிதழ் வாங்கற வேலையை இன்னைக்கே தொடங்கணும். இடிக்கிற அன்னைக்குத் தொடங்கினா முடியாது.

3. சொந்தமா, வாடகையா? வாடகைக்கு இருக்கிறவங்க பயந்துக்கிட்டு, "சொந்தக்காரங்க வீடு"ன்னு சொல்லுவாங்க. மிரட்டிக் கேட்காதீங்க. ஆனா இவங்களுக்குத்தான் நாளைக்குப் போக இடம் இருக்காது. பேர் போடாமலாவது எண்ணிக்கையை எழுதுங்க.

4. பிழைப்பு என்ன, அதுக்கு எவ்வளவு இடம் வேணும்? மீன்பாடி வண்டி எங்க நிக்குது? இட்லிக் கடை போடுற அக்கா மாவாட்டுற கிரைண்டரை எங்க வச்சிருக்காங்க? துணி தேய்க்கிற அண்ணனுக்குப் பெட்டிக் கடை கீழ இருக்கு, நாளைக்கு வாகன நிறுத்துமிடம்னு கோடு போட்டா அவர் எங்க போவாரு?

5. படி ஏற முடியாதவங்க யார் இருக்காங்க? வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள், டயாலிசிஸ் போறவங்க.

6. கட்டி முடிக்கிற வரைக்கும் எங்க இருப்பீங்க? பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவாங்க?

கடைசியாத்தான், "வேற என்ன சொல்லணும்?"னு கேளுங்க. கேட்டுட்டுப் பேனாவை மூடாதீங்க. முக்கியமான விஷயம் அதுக்கப்புறம்தான் வரும்.

அவங்க சொல்ற வார்த்தையிலயே எழுதுங்க. ஒரு பாட்டி எங்ககிட்ட சொன்னாங்க: "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நான் சாமி மாதிரி மேலயே உட்கார்ந்துக்கணும், யாராவது வந்து பூ போட்டுட்டுப் போவாங்க." இதைப் போய் 'மின்தூக்கி வசதி கோரிக்கை'ன்னு எழுதிட்டோம்னா அந்தப் பாட்டி காணாமப் போயிடுவாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதிட்டு, பக்கத்துல நாம கேள்வியா மாத்தணும். கரண்ட் போனா லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா? பராமரிப்புச் செலவு யாரோடது? படி ஏற முடியாதவங்களுக்குக் கீழ்த்தளத்துல முன்னுரிமை எழுத்துல இருக்கா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தாச்சு. சாய்தளம் கேக்கறது சலுகை கிடையாது.

*கோலமாவுல ஒரு வீடு*

படிச்ச பிள்ளைங்க நாம ஒரு பிடிஎஃப் வரைபடத்தை வாட்ஸ்அப்ல தட்டிவிட்டுட்டு, "பார்த்துட்டீங்களா?"ன்னு கேட்போம். வரைபடம் படிக்கத் தெரியாதது அவங்க குறை இல்ல. அதைப் படிக்கறதுக்கு எங்களுக்கே காலேஜ்ல வருஷக்கணக்கா ஆச்சு.

அதனால ஒரு வேலை செய்யுங்க. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துல, பொருளாதாரத்துல நலிந்த பிரிவுக்கான வீட்டுக்குக் கார்பெட் ஏரியா 30 சதுர மீட்டர் வரைக்கும்னு வச்சிருந்தாங்க. அதாவது சுமார் 323 சதுர அடி. கார்பெட் ஏரியான்னா சுவரை விட்டுட்டு உள்ள நாம காலை வைக்கிற இடம். சுவரையும் சேர்த்தா அது பிளிந்த் ஏரியா. பலகையில 400 சதுர அடின்னு எழுதியிருந்தா, முதல் கேள்வியே "இது எந்த அளவு?"ங்கறதுதான்.

இப்ப குடியிருப்புக்கு நடுவுல இருக்கிற காலி இடத்துல ஒரு டேப்பும் ஒரு பாக்கெட் கோலமாவும் எடுத்துக்கிட்டுப் போங்க. 5 மீட்டருக்கு 6 மீட்டர் கட்டம் போடுங்க. அதுக்குள்ள சமையலறை, குளியலறை, கழிப்பறை, வாசல், ஜன்னல் எல்லாம் நிஜ அளவுல கோடு போடுங்க. ஜனங்களை உள்ள வந்து நிக்கச் சொல்லுங்க. பீரோ எங்க வரும், கட்டில் எங்க வரும், துணி எங்க காயப்போடுவீங்க, சிலிண்டர் எங்க வைப்பீங்கன்னு கேளுங்க. பத்தே நிமிஷத்துல பெண்கள் அந்த வரைபடத்துல இருக்கிற கோளாறு அத்தனையும் சொல்லிடுவாங்க. கழிப்பறைக் கதவு அடுப்பைப் பார்த்துத் திறக்குதுன்னு ஒரு அம்மா சொன்னா, அது இன்னைக்குப் பேப்பர்ல ஒரு கோடு. கட்டின பிறகு அது அவங்க ஆயுசு முழுக்கச் சகிச்சுக்க வேண்டிய விஷயம்.

*இடையில இருக்கிற மாசங்கள்*

பேச்சுல யாரும் எடுக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய வீட்டைக் காலி பண்றதுக்கும் புது வீட்டுச் சாவி கைக்கு வர்றதுக்கும் நடுவுல இருக்கிற காலம்.

மறுகட்டுமானத்துக்காக வெளிய போற குடும்பத்துக்குக் கருணைத் தொகைன்னு ஒண்ணு தர்றாங்க. முன்னாடி 8,000 ரூபாயா இருந்துச்சு, அப்புறம் 24,000 ரூபாயா உயர்த்தினாங்க. உயர்த்தினது நல்லது. இப்ப ஒரு கணக்குப் போடுங்க. வேலை பதினெட்டு மாசத்துல முடியுதுன்னு வைங்க. 24,000ஐ 18ஆல வகுத்தா மாசம் 1,333 ரூபாய். பக்கத்துத் தெருவுல ஒரு ரூம் 6,000 ரூபாய்னு வச்சாலே பதினெட்டு மாசத்துக்கு 1,08,000. மிச்சம் 84,000 ரூபாய் அந்தக் குடும்பத்தோட தலையில. அட்வான்ஸ் தனி. வேலை இழுத்தா இன்னும் தனி.

அந்த 84,000க்கு அவங்க என்ன பண்ணுவாங்க? கந்துவட்டிக்குப் போவாங்க, இல்ல நகையை அடகு வைப்பாங்க, இல்லன்னா வாடகை குறைவான தூரத்து இடத்துக்குப் போய்ப் பிள்ளையோட படிப்பை நிறுத்துவாங்க. புது வீடு தயாராகும்போது பயனாளி பங்குத் தொகை கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அப்ப கையில காசு இருக்காது. அந்தச் சமயத்துல ஒரு புரோக்கர் வருவான். "ஒதுக்கீட்டை எனக்கு எழுதிக் கொடு"ம்பான். திட்டம் ஜெயிச்சுடும், கட்டடம் ஜோரா நிக்கும், ஆனா யாருக்காகக் கட்டினாங்களோ அவங்க உள்ள இருக்க மாட்டாங்க.

அதனால ஒவ்வொரு வீட்டுலயும் இந்தக் கணக்கை அவங்க வாயாலயே சொல்ல வச்சு எழுதுங்க. இப்ப வருமானம் எவ்வளவு, எவ்வளவு வாடகை தாங்கும், பங்குத் தொகை எத்தனை தவணையா இருந்தா கட்ட முடியும். தொகுத்துப் பார்க்கும்போது, மாசாமாசம் வாடகை உதவி வேணுமா, தற்காலிகக் குடியிருப்பு வேணுமா, பிளாக் பிளாக்கா இடிச்சுக் கட்டினா எல்லாரும் ஒரே நேரத்துல வெளிய போக வேண்டாமான்னு ஒரு பதில் தானா எழும்பி வரும்.

*போகும்போது கடைப்பிடிக்க வேண்டியது*

கட்சித் துண்டு, கரை வேட்டி, பேட்ஜ் எதுவும் வேண்டாம். நீங்க யாருன்னு கேட்டா மறைக்காம சொல்லுங்க. ஆனா கொடியோட போனா, நமக்கு ஓட்டுப் போடாத வீட்டுக் கதவு பாதிதான் திறக்கும். இடிக்கும்போது புல்டோசர் யார் எந்தக் கட்சின்னு பார்க்கப் போறதில்ல. அடுத்த கட்சிக் கொடி கட்டின வீட்டுக் கதவை முதல்ல தட்டுங்க. அவங்க சொல்றதையும் ஒரு எழுத்து குறையாம எழுதுங்க.

ரெண்டு ரெண்டு பேராப் போங்க, அதுல ஒருத்தர் பெண்ணா இருக்கணும். காலையில ஆறு மணிக்கே வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் கிளம்பிடறவங்க இருக்காங்க. அவங்களைப் பிடிக்கணும்னா ராத்திரி ஏழு மணிக்கு மேல, இல்ல ஞாயித்துக்கிழமைதான். பூட்டியிருக்கிற வீட்டை 'ஆள் இல்லை'ன்னு அடிச்சுடாதீங்க, மூணு தடவை போங்க.

கூகுள் ஃபார்ம் நமக்கு, பேப்பர் அவங்களுக்கு. முதல்ல பேப்பர்ல எழுதி, எழுதினதை அவங்களுக்கே படிச்சுக் காட்டி, சரின்னு சொன்ன பிறகு நாம எக்செல்ல ஏத்திக்கலாம்.

ஆதார் நம்பர் வாங்காதீங்க. போட்டோ எடுக்காதீங்க. ஆவணம் 'இருக்கு, இல்லை'ன்னு எழுதினாப் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குன்னு 2023லயே சட்டம் வந்தாச்சு. அதைவிட முக்கியம், வாடகைக்கு இருக்கிற ஒருத்தரோட விவரம் நம்ம குரூப்ல இருந்து வெளிய கசிஞ்சா அவங்க வீட்டை இழப்பாங்க. பட்டியலை யாரும் சொந்த போன்ல வச்சுக்கக் கூடாது. வட்டத்துக்கு ரெண்டு பேர் பொறுப்பு, அவ்வளவுதான்.

எதுவும் வாக்குக் கொடுக்காதீங்க. "உங்களுக்கு வீடு வாங்கித் தர்றோம்"னு ஒரு வார்த்தை வரக் கூடாது. டோக்கன், பட்டியல்ல பேர் சேர்க்கறதுன்னு யாராவது காசு கேட்டா, அவர் நம்ம ஆளா இருந்தாலும் அன்னைக்கே நிர்வாகிகள்கிட்ட சொல்லுங்க. 'பயனாளிகள் பட்டியல்'னு ஒரு பிடிஎஃப் எப்படியும் வாட்ஸ்அப்ல சுத்தும். வாரியத்துல கேட்டு உறுதி பண்ணாம யாரும் அதை ஃபார்வர்டு பண்ணக் கூடாது.

ஐடி விங் தம்பி தங்கைகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. அழற முகத்தை ரீல்ஸ் போட்டா லட்சம் வியூஸ் வரும், தெரியும். முதல் வீடியோ வர்றதுக்கு முன்னாடி முதல் மனு உள்ள போயிருக்கணும். அதுக்கப்புறமும், அவங்க சம்மதம் இல்லாம ஒரு முகமும் நம்ம பக்கத்துல வரக் கூடாது.

*எழுதின பிறகு என்ன?*

தொகுக்கும்போது பெரிய எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. முந்நூறு வீடு தண்ணி பத்திச் சொல்லும், நாலு வீடு சக்கர நாற்காலி பத்திச் சொல்லும். அந்த நாலு பேருக்கு வேற குரல் கிடையாது. ரெண்டும் போகணும். "இடிக்கவே வேண்டாம், பழுது பார்த்தாப் போதும்"னு சொன்னவங்க கருத்தும் தனியா ஒரு பக்கமாப் போகணும். நமக்குப் பிடிக்காத கருத்தை எடுத்துட்டுக் கொடுத்தா, அது கருத்துக்கேட்பு கிடையாது, நம்ம துண்டறிக்கை.

கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிளாக் படிக்கட்டுக் கீழயும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, தொகுத்ததைச் சத்தமாப் படிங்க. "நான் இப்படிச் சொல்லலையே"ன்னு யாராவது சொன்னா அங்கயே திருத்துங்க. ஒரு நகலைச் சுவத்துல ஒட்டுங்க.

அப்புறம் மனு. வாரிய அலுவலகம், மாமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் எல்லாருக்கும் நேர்ல கொடுத்து, சீல் போட்ட ஒப்புகை வாங்கணும். மாநகராட்சி வார்டுகள்ல பகுதி சபை இருக்கு. தமிழ்நாட்டுல 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்னைக்குத்தான் நகர்ப்புறத்துல முதல் முறையா இது கூடுச்சு. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்குக் கிடைச்ச இடம் அது. அங்க இந்தத் தொகுப்பை வச்சுத் தீர்மானமாக் கேட்போம். கூடலைன்னா கூட்டச் சொல்லிக் கேட்போம்.

கூடவே தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய்தான் கட்டணம். எதுக்குக் கேட்கறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல. 30 நாளைக்குள்ள பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு. திட்ட அறிக்கை, தள வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, வேலையை முடிக்க ஒப்பந்தத்துல கொடுத்திருக்கிற காலக்கெடு எல்லாம் கேளுங்க. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்துல, நடந்துக்கிட்டிருக்கிற பணியை நேர்ல பார்வையிடவும், பயன்படுத்துற பொருள்ல மாதிரி எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை இருக்கு. சுவத்துப் பூச்சு உதிருதான்னு குடிபோன பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்ல. பூசும்போதே பார்க்கலாம்.

*இதனால நமக்கு ஓட்டு வருமா?*

வெளிப்படையாவே கேட்டாரு ஒரு அண்ணன். கேட்க வேண்டிய கேள்விதான், நாம அரசியல் கட்சி.

எனக்குத் தெரிஞ்ச பதில் இது. தேர்தலுக்கு முன்னாடி வர்றவங்களை ஜனங்க நூறு பேரைப் பார்த்துட்டாங்க. வாரிசுச் சான்றிதழுக்கு என்ன எழுதணும்னு சொல்லிக் கொடுத்தவங்க, கோலமாவுல வீடு போட்டுக் காட்டினவங்க, தான் சொன்னதை மாத்தாம எழுதிட்டுப் போனவங்க ரொம்பக் கம்மி. ஓட்டு வருதோ இல்லையோ, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு சாவி கொடுக்கற அன்னைக்கு அந்த வரிசையில நிக்கறவங்க எத்தனை பேர் பழைய குடியிருப்பு ஆட்கள்னு எண்ணிப் பார்த்தா, நாம வேலை செஞ்சோமா இல்லையான்னு தெரிஞ்சுடும். ஆட்சியில யார் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் படிவமும் பிளாக் ஒதுக்கீடும் கைக்கு வந்துடும். பேர் கொடுக்காதவங்க வெளிய போகும்போது வட்டச் செயலாளர்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. பெண் தன்னார்வலர்கள் இன்னும் நிறைய வேணும், வீட்டுல இருக்கிற அக்கா தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. வரும்போது ஒரு பேனா, ஒரு அட்டை, ஆளுக்கு ஒரு அளவு டேப். கோலமாவு நான் வாங்கிட்டு வந்துடறேன்.



(உங்கள் பகுதியிலும் மறுகட்டுமானத் திட்டம் வருகிறதா? மேலே உள்ள ஆறு கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு உங்கள் பிளாக்கிலிருந்தே தொடங்குங்கள். போர்டு குடியிருப்பில் இருக்கும் நண்பர்களுக்கு இந்தப் பதிவைப் பகிருங்கள்.)

#எழுதிவைப்போம் #அதேஇடம்அதேமக்கள்